சொந்த நிலமில்லாத சபைகள்: கண்டி மலையில் தமிழ்த் திருச்சபை வளர்ந்த விதம்

நமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் கல்லூரியின் வரலாற்றைப் பலரும் எழுதுகிறார்கள். அதிபர்கள், விடுதி, விளையாட்டு, இசை என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொண்டது கல்லூரி மதிலுக்கு வெளியே நடந்த ஒரு வரலாறு. கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தமிழ்ச் சபைகள் எவ்வாறு தொடங்கின, எவ்வாறு வளர்ந்தன, எவ்வாறு சிதறின, சிதறிய பின்னும் எவ்வாறு நிலைத்தன என்பதே அது. நம்மில் கிறிஸ்தவர்களுக்கு இது குடும்ப வரலாறு. காலைக் கூட்டத்தில் நம்முடன் வரிசையில் நின்ற சைவச் சகோதரிகளுக்கும் இஸ்லாமியச் சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஏனெனில் கண்டியின் பழைய பெண் பாடசாலைகள் பலவும் சபை வளர்க்க வந்தவர்கள் தொடக்கிவைத்தவையே.

சபை வளர்ப்பது பற்றி இன்று நூல்களும் பயிற்சி வகுப்புகளும் ஏராளம். எங்கே தொடங்குவது, யாரை அனுப்புவது, எப்போது விலகிக்கொள்வது என்றெல்லாம் அவை கற்பிக்கின்றன. கண்டி மலைகள் இந்த முறைகளில் அநேகமாக எல்லாவற்றையும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டிருக்கின்றன. அவற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று திரும்பிப் பார்ப்பது நூற்றாண்டு வேளையில் பொருத்தமானது என்று நினைக்கிறோம்.

மறைந்து வந்த குரு

கண்டியில் கத்தோலிக்கச் சபை மீண்டும் உயிர்பெற்றது ஒரு கைதியின் மூலம். கோவையைச் சேர்ந்த குருவானவர் யோசேப்பு வாஸ் 1687இல் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். இங்கே கோவை என்பது போர்த்துக்கேயர் ஆண்ட கோவா. அப்போது கரையோரங்கள் ஒல்லாந்தர் கையில் இருந்தன. கத்தோலிக்கக் குருமாருக்கு அங்கே தடை. ஆகவே அவர் ஏழை வேலையாளின் கோலத்தில் ஊருக்குள் நடமாடினார், தமிழைக் கற்றார், இரவில் வீடுகளில் மக்களைச் சந்தித்தார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். காலப்போக்கில் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை நம்பினான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, உறவினரே நோயாளரை விட்டு ஓடிய நாட்களில், வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகன் யோசேப்பு கர்வால்யோவும் அவர்களைப் பராமரித்தார்கள். சபையின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கைக்கு அந்தப் பராமரிப்பு அடித்தளமாயிற்று. 1711 ஜனவரி 16இல் அவர் கண்டியிலேயே காலமானார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் பழைய மாணவியர் பலரும் அந்தச் செய்தியை உரிமையோடு கொண்டாடினார்கள்.

அவருடைய முறையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குருமார் மிகச் சிலர், ஊர்கள் பல. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் மூப்பர், அண்ணாவி என்ற பெயரில் ஊரவர்களே செபத்தை நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி அவர்கள் கையில் கொடுத்தார். குரு ஆண்டுக்கு ஒரு முறையே வந்தாலும் சபை ஆண்டு முழுவதும் நடந்தது. மாத்தளைப் பக்கத்து வஹக்கோட்டை அந்தோனியார் கோவிலுக்குச் சிங்களவரும் தமிழரும் இன்றும் சேர்ந்து நடந்து போகிறார்கள் என்றால், அந்த ஊரவர் சபைகளின் தொடர்ச்சியும் அதில் இருக்கிறது.

திருநெல்வேலி தந்த முன்மாதிரி

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1818இல் திருச்சபை மிஷனரிச் சங்கமான சீ.எம்.எஸ். இலங்கைக்கு அனுப்பிய முதல் நால்வரில் ஒருவரான சாமுவேல் லாம்ப்ரிக் கண்டிக்கு வந்தார். 1835இல் இலங்கைக்கு வந்த வில்லியம் ஓக்லி ஐயர் தம் ஊழியத்தின் பெரும்பகுதியைக் கண்டியில் கழித்து, ஒரு முறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1886இல் இந்த நாட்டிலேயே உயிர்நீத்தார். ஆயினும் அந்தத் தொடக்க காலத்தில் இவர்களுடைய பணி முக்கியமாகச் சிங்கள மக்கள் நடுவிலும் நகரத்திலுமே இருந்தது.

தமிழர்கள் மலையேறியது கோப்பியால். 1820களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாய் மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் கொலராவாலும் வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவர்கள், மாரியம்மனையும் முருகனையும் மதுரைவீரனையும் தங்களோடு கொண்டுவந்தவர்கள். கிறிஸ்தவர்கள் சிறு பகுதியினர். அவர்களில் திருநெல்வேலிப் பக்கத்தார் ஒரு குறிப்பிட்ட அனுபவத்தோடு வந்தார்கள்.

அந்த அனுபவத்தைச் சற்று விளக்குவது நல்லது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயரின் காலத்திலும் அதன் பின்னும் திருநெல்வேலிச் சீமையில் மக்கள் தனித்தனியாக அல்ல, குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் ஊர் முழுவதுமாகச் சபையில் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்ததற்காகப் பழைய நிலக்காரரால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு வேறு நிலம் வாங்கிக் குடியேற்றினார்கள். மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்று புதிய பெயர்களோடு ஊர்கள் எழுந்தன. நடுவில் ஆலயம், பக்கத்தில் பாடசாலை, சுற்றிலும் வீடுகள், அப்பால் பனங்காடு. சபைக்கு அங்கே கால் ஊன்ற நிலம் இருந்தது. பிற்காலத்தில், இந்தியாவில் பிறந்த அமெரிக்க மிஷனரி டொனால்ட் மக்கவ்ரன் 1955இல் எழுதிய நூலில், சபை உறவுமுறை வழியாகவே இயல்பாகப் பரவுகிறது என்று வாதிட்டு உலகெங்கும் பேர் பெற்றார். திருநெல்வேலிக் கிராமத்தார் அதைப் புத்தகம் வருமுன்பே வாழ்ந்து காட்டியிருந்தார்கள்.

துரைமார் கேட்ட மிஷன்

1854இல் கண்டிப் பகுதியின் கிறிஸ்தவத் தோட்டத் துரைமார் சிலர் முன்வந்து தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் நன்கறிந்த செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயர் அதன் முதல் மேற்பார்வையாளர். திருநெல்வேலியிலிருந்தே உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டார்கள். மிஷனரிமாரின் செலவைச் சீ.எம்.எஸ். பார்த்துக்கொள்ள, உபதேசியார்களின் சம்பளத்துக்குத் துரைமார் சந்தா சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தத் துரைமாரில் ஆங்கிலிக்கன் சபையாரும் ஸ்கொத்லாந்துச் சபையாரும் வேறு சபையாரும் இருந்தார்கள். ஒரு பிரசங்கி பல தோட்டங்களைச் சுற்றிவருவது என்பதே திட்டம்.

உபதேசியாரின் நாள் எப்படிப் போயிருக்கும் என்பதைத் தோட்டத்தில் பிறந்த எவரும் ஊகிக்கலாம். தோட்டத்துக்குள் கால்வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் வேளையில் இரண்டு வார்த்தை பேச இடம் கிடைத்தால் அதுவே பெரிது. பகலில் எல்லோரும் மலையில். மாலையில் லயத்துக்குப் போனால், அடுப்புப் புகைக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவே, களைத்து அமர்ந்தவர்களிடம் வேதம் வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரிலோ பாடசாலைக் கொட்டகையிலோ பத்துப் பேர் கூடினால் ஒரு சபை. அடுத்த நாள் பத்து மைல் நடந்து அடுத்த தோட்டம்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன. உபதேசியார் மக்களின் மொழியும் பாட்டும் அறிந்தவர். தூரதேசத்து மிஷனரி பத்து ஆண்டு கற்றாலும் சொல்ல முடியாததை அவர் முதல் நாளிலேயே சொல்லிவிடுவார். ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது துரைமார் நிதி. லயத்துக்காரர் கண்ணில் அவர் துரையின் ஆளா, தங்கள் ஆளா என்ற கேள்வி எப்போதும் இருந்திருக்கும். நியாயமான கேள்விதான். கூலியை உயர்த்துவதையோ கங்காணியின் கடன்கட்டை அவிழ்ப்பதையோ பற்றி அவர் பேசினால் அடுத்த ஞாயிறு அந்தத் தோட்டத்தில் அவருக்கு வழி திறந்திருக்குமா?

கங்காணி முறையும் சபையை ஆட்டிவைத்தது. மக்கள் வந்தது கங்காணியின் கூட்டமாக, போவதும் அப்படியே. அவர்களுடைய கடனை எழுதிய துண்டுச் சீட்டை வேறு தோட்டம் ஏற்றுக்கொண்டால், ஒரு கூட்டம் முழுவதுமே மூட்டை கட்டி மலை தாண்டிப் போய்விடும். உறவுமுறையாய் வந்த சபை உறவுமுறையாகவே மறைந்துவிடும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, இரண்டு தலைமுறைக் காலம் தோட்டச் சபைகள் இந்த நிலையிலேயே இருந்தன.

மந்தையைக் கேளாத வழக்கு

1875இன் இறுதியில் ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன் கொழும்பின் பேராயரானார். வயது முப்பதுதான். பல சபைத் துரைமாரும் சேர்ந்த ஒரு குழுவின் பணத்தில், பேராயரின் நிர்வாகத்துக்குப் புறம்பாக, உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாய்ப் போவது ஒழுங்கல்ல என்று அவர் கருதினார். உபதேசியார்களை நியமிப்பதும் நடத்துவதும் தங்கள் பொறுப்பு என்றது சீ.எம்.எஸ். 1876இல் பேராயர் அச்சங்கத்து மிஷனரிமாரின் ஊழிய அனுமதியையே நிறுத்திவைத்தார். பிணக்கு இங்கிலாந்துவரை போய், அங்குள்ள பேராயர்கள் தலையிட்டுச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே தீர்ந்தது.

இதில் இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. ஒழுங்கில்லாமல் திருச்சபை இல்லை என்பது பேராயரின் நியாயம். ஒழுங்குக்காகக் காத்திருந்தால் மலையில் பிரசங்கமே நடக்காது என்பது சங்கத்தாரின் நியாயம். நமக்கு உறுத்துவது வேறொன்று. இந்தச் சபைகள் யாருடையவை என்று இரு தரப்பாரும் வாதிட்ட அந்த ஆண்டுகளில், சபையில் உட்கார்ந்திருந்த தமிழர்களிடம் கேட்க வேண்டும் என்பது அந்த வாதத்தில் ஒரு கட்சியாகவே வரவில்லை.

இத்தனைக்கும் அதே சீ.எம்.எஸ்.இன் செயலாளராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்று வற்புறுத்திவந்தவர். மிஷனரியின் வேலை தன்னைத் தேவையற்றவனாக்கிக்கொள்வதே என்பது அவர் கொள்கை. திருநெல்வேலியில் அது ஓரளவு கைகூடியது. கண்டி மலையில் கைகூடுவது கடினமாயிருந்தது. நாள்கூலி வாங்கி, அரிசிக்கே கணக்கில் கழிவு போகும் மக்கள் எதைக்கொண்டு குருவானவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள்? ஆலயம் கட்ட ஒரு பேர்ச் நிலம்கூட அவர்களுடையதல்லவே.

கோப்பி போய்த் தேயிலை வந்தபோது

1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு கண்டது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. சந்தா கொடுத்த துரைமார் பலர் கடனாளிகளாய் நாட்டைவிட்டே போனார்கள். அதற்குள் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை மலை முழுவதும் பரவத் தொடங்கியிருந்தது.

சபை வரலாற்றில் இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. கோப்பிக்கு ஆள் வேண்டியது பருவத்தில் மட்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டியது, அதையும் பெண்கள் கைகளே எடுத்தன. ஆகவே குடும்பங்கள் வந்தன, தங்கின, இங்கேயே பிறந்து இங்கேயே புதைக்கப்பட்டன. பருவத்துக்குக் கூடிக் கலைந்த சபை அப்போதுதான் குடும்பச் சபையாக மாறியது. குடும்பச் சபையைத் தாங்கியவர்கள் யார் என்று கேட்டால், விடை நமக்கு அருகிலேயே இருக்கிறது.

உபதேசியாரின் மனைவி பல இடங்களில் சம்பளமில்லாத இரண்டாவது உபதேசியார். ஆண்கள் நுழையத் தயங்கும் காம்பராவுக்குள் அவர் போவார், பிரசவ வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போவார். பைபிள் உமன் என்று மக்கள் அழைத்த வேதப் பெண்களும் அப்படியே. 1880இல் இங்கிலாந்தில் தோன்றிய சனானா மிஷன் சங்கத்தின் பெண் மிஷனரிமார் கண்டிப் பகுதிக்கு வந்து இத்தகைய பெண்களுக்குப் பயிற்சியும் ஆதரவும் கொடுத்தார்கள். எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு பெண் லயத்தில் இருந்தால், உபதேசியார் வராத ஞாயிறும் சபை கூடும். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு, மாத முடிவில் ஆலயத்துக்குக் கொடுக்கும் திருநெல்வேலிப் பெண்களின் வழக்கமும் நாம் அறிந்ததே. ஹென்றி வென் கேட்ட தன்னைத் தாங்கும் சபையின் பொருளாதாரம் அந்தப் பானையில்தான் தொடங்கியது.

பாடசாலையா, பிரசங்கமா?

பாடசாலை சபையை வளர்க்குமா என்பது அந்த நூற்றாண்டின் பெரிய விவாதம். 1855இல் அமெரிக்க மிஷனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணத்துக்கு வந்து பார்வையிட்டார். ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்தரைத்தான் உருவாக்குகிறது, சபையை அல்ல என்பது அவர் எண்ணம். அந்த ஆண்டிலேயே பெயர்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. ஆனால் 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை மூடப்படவில்லை. படித்த கிறிஸ்தவத் தாய் இல்லாமல் கிறிஸ்தவக் குடும்பம் இல்லை என்பதை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தொடக்க காலத்தில் பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பவே மறுத்ததால், படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது.

கண்டியில் இந்த விவாதம் வேறுவிதமாகத் தீர்ந்தது. 1857இல் தொடங்கி, இடையில் மூடப்பட்டு, 1872இல் மீண்டும் திறக்கப்பட்ட திரித்துவக் கல்லூரி. 1879இல் மெதடிஸ்தார் தொடங்கிய பெண்கள் உயர்தரப் பாடசாலை. 1890இல் வந்த ஹில்வூட். கத்தோலிக்கக் கன்னியர் மடப் பாடசாலைகள். 1893இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக அம்பிட்டியில் எழுந்த பாப்பரசர் குருமடம்: இவ்வாறு நகரம் பாடசாலைகளால் நிறைந்தது. 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரியை நடத்திய பிரேசர் ஐயர் சிங்களத்தையும் தமிழையும் பாடசாலைக்குள் மரியாதையோடு கொண்டுவந்தார். தன் தாய்மொழியில் பேசத் தெரியாத ஒருவன் தன் மக்களுக்குப் பயன்படமாட்டான் என்பதே அதன் அடிப்படை.

தோட்டத்தில் நிலைமை வேறு. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கத் தோட்டங்களைக் கடமைப்படுத்தின. அதற்கு முன்னும் பின்னும் பல தோட்டங்களில் வாத்தியார் என்றால் உபதேசியாரே. ஒரே கொட்டகை வாரநாளில் பாடசாலை, ஞாயிறு ஆலயம். பத்து வயதானதும் பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்கவோ கொழுந்தெடுக்கவோ போய்விடுவாள். அந்த வேலியைத் தாண்டி ஓரிரு பிள்ளைகள் நகரத்து விடுதிக்கு வந்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஒரு வாத்தியாரின் சிபாரிசும் ஒரு தாயின் பிடிவாதமும் இருந்தன.

நம் சகோதரிகளுக்கு ஒரு நேர்மையான சொல்

இந்த வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதிவிட முடியாது. பாடசாலை, சீதனம், மருந்து, வேலை ஆகியவற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல நாம் முற்படவில்லை. பேர்சிவல் ஐயருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் கல்விக்காகத் தங்கள் சமயத்தை விலையாகக் கொடுக்கக்கூடாது என்பதே அவர் கருத்து. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோதும் அதே கேள்வி வேறு குரலில் எழுந்தது.

நம் கல்லூரியின் பதில் நடைமுறையில் கிடைத்தது. நம்முடன் படித்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக வந்தவர்களும் அல்லர், ஆனவர்களும் அல்லர். அவர்கள் வாசித்தார்கள், பாடினார்கள், வாதிட்டார்கள், தங்கள் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போனார்கள். எண்ணிக்கையால் அளந்தால் மிஷனின் திட்டம் தோற்றது எனலாம். ஒருவரையும் விலைபேசாமல் எல்லோருக்கும் கல்வி கொடுத்தது என்று அளந்தால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கும்.

கப்பலேறிய சபைகள்

சபைகளின் உண்மையான சோதனை சுதந்திரத்துக்குப் பின் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிற்பாடு என்று பிரித்தது. 1974இல் அந்த மீதியையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன புகையிரதத்துக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு சபைக்கு இது என்ன செய்தது? பாடகர் குழுவில் பாதிப் பேர் போனார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே. கல்லறைகள் மட்டும் இங்கே. இதோடு 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இலும் 1983இலும் வன்செயல்கள் வந்தன. துரையின் அனுமதியில் நின்ற சபை, பாடசாலைக் கொட்டகையில் நின்ற சபை, நிதியில் நின்ற சபை, எல்லாவற்றின் காலுக்குக் கீழிருந்த மண்ணும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிற்று.

ஆனால் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறங்கிய குடும்பங்கள் அங்கே மீண்டும் ஒரு வீட்டில் கூடினார்கள். போக மறுத்தும், போக முடியாமலும் இங்கே தங்கியவர்கள் காம்பராவில் கூடினார்கள். இங்கிலாந்தின் ரோலண்ட் அலன் 1912இலேயே ஒரு நூல் எழுதினார். பவுல் அப்போஸ்தலர் ஓர் ஊரில் சில மாதங்களே தங்கி, சபையை அவ்வூராரிடமே விட்டுப் போனார். நாமோ நூறு ஆண்டு தங்கியும் விடமாட்டோம் என்கிறோமே என்று அதில் கேட்டார். கண்டி மலையில் விட்டுக்கொடுக்க யாரும் முடிவெடுக்கவில்லை. வரலாறு பிடுங்கி எடுத்தது. எடுத்த பின்தான் சபை யார் கையில் இருந்தது என்பது தெரிந்தது. வேதத்தை வாசிக்கத் தெரிந்த தாயின் கையில், பாட்டை மனனமாக வைத்திருந்த பாட்டியின் கையில் அது இருந்தது.

இன்றும் இனியும்

தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயர் பிற்காலத்தில் தமிழ்த் திருச்சபை மிஷன் என்று மாறியது. 1950இல் குருநாகல் மறைமாவட்டம் தனியாக எழுந்தபோது கண்டிச் சபைகள் அதில் சேர்ந்தன. கூலி என்ற சொல்லைத் திருச்சபையின் பெயரிலிருந்து எடுத்தது சிறிய காரியமல்ல. ஒரு மக்களைத் தொழிலின் பெயரால் அழைப்பதை நிறுத்தி, மொழியின் பெயராலும் விசுவாசத்தின் பெயராலும் அழைக்கத் தொடங்கிய நாள் அது. இன்று தோட்டங்களில் பழைய சபைகளின் பக்கத்திலேயே வீட்டுச் செபக்கூட்டங்களும் பெந்தெகொஸ்தே சபைகளும் வளர்கின்றன. அவற்றின் வேகத்தைக் கண்டு பழைய சபையார் கவலைப்படுவதுண்டு. பயிற்சி பெறாத போதகர்கள், அயலவரோடு பிணக்கு, பிரிவினை ஆகிய குறைகள் உண்மையே. ஆயினும் ஒரு காம்பராவில் எட்டுப் பேர், அவர்களில் ஆறு பேர் பெண்கள், பாயில் அமர்ந்து பாடுவது நம் வரலாற்றுக்குப் புதிதல்ல.

2023இல் மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் வந்த வழியே ஒரு நடைபயணம் நடந்தது. தேசிய கிறிஸ்தவ மன்றம் அதற்கு முன்னின்றது. சைவரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் பௌத்தரும் சேர்ந்து நடந்தார்கள். கேட்டவற்றில் முதன்மையானது காணியும் வீடும். ஒரு காலத்தில் அனுமதி கேட்டுத் தோட்டத்துக்குள் வந்த திருச்சபை, அந்தத் தோட்டத்தில் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று கேட்கத் தெருவில் இறங்கியதற்கு 169 ஆண்டுகள் ஆயிற்று. தாமதம்தான். ஆனால் திசை சரியானது.

இலண்டனிலும் தொரொன்றோவிலும் மெல்பேணிலும் சென்னையிலும் வாழும் நம் சகோதரிகள் பலர் அந்தந்த ஊர்த் தமிழ்ச் சபைகளில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறார்கள், பாடகர் குழுவைப் பழக்குகிறார்கள், புதிதாய் வந்த குடும்பத்துக்கு வீடு தேடிக் கொடுக்கிறார்கள். வாடகை மண்டபத்திலோ வெள்ளைக்காரர் ஆலயத்தில் பிற்பகல் நேரத்திலோ கூடும் அந்தச் சபைகளுக்கும் சொந்த நிலமில்லை. அதனால் அவை நிலைக்குமோ என்று வருந்துவோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. கண்டி மலைச் சபைகளுக்கும் நிலம் இருந்ததில்லை. அடுத்த பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒருத்தி இருந்தாள். அந்த ஒருத்தியை உருவாக்கிய பாடசாலைகளில் நமதும் ஒன்று என்பதை நூற்றாண்டில் நன்றியோடு எழுதிவைக்கிறோம். லயத்துப் பிள்ளை ஒருத்தியாவது ஒவ்வோர் ஆண்டும் நம் விடுதிக்கு வந்து படிக்க வழிசெய்வதே அந்த நன்றியின் கணக்கைத் தீர்க்கும் வழி. சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டு அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்கட்டும்.